அழற்சி என்னுஞ் சொல்லும் அதனைத் தணிக்கும் மருந்தும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்க நூலொன்றைப் பற்றியோ இலக்கணக் கூறொன்றைப் பற்றியோ எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் மருந்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு சொல்லே காரணம். பத்தாந் தர மாணாக்கர் சிலர் தம் விஞ்ஞானப் பாடத்திற் கண்ட 'அழற்சி' என்னுஞ் சொல்லைக் குறித்து வந்து, அதனைப் பகுபத முடிபு செய்து காட்டுமாறு எம்மைக் கேட்டனர். முடிபு சொல்லச் சில நிமிடமே சென்றது. அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருளோ எம்மைப் பல மாதம் விடவில்லை. விஞ்ஞானங் கற்பிக்கும் நண்பர்களை வினவியும் கிடைத்த நூல்களைப் படித்தும் யாம் அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம். வைத்தியர்களாய் விளங்கும் பழைய மாணவர் பலர் இதனைப் படிப்பர் என்பதை மறந்தோமல்லோம்.

முதலிற் சொல். 'முயல்' என்பது முயற்சி என்றும், 'பயில்' என்பது பயிற்சி என்றும், 'சுழல்' என்பது சுழற்சி என்றும் ஆதல் போல, 'அழல்' என்னும் பகுதி 'சி' என்னும் விகுதியோடு புணர, லகரம் றகரமாய்த் திரிந்து அழற்சி என்றாயிற்று. எனவே இது தொழிற்பெயர். எரிதலாகிய தொழிலை உணர்த்துவது. இலத்தீன் மொழியில் இதற்கு வழங்குஞ் சொல்லும் தீ மூட்டுதல் என்னும் பொருளையுடைய வினையினின்றும் பிறந்ததே. ஆதலின் நம் கலைச்சொல்லாக்கத்தார் ஒலியை எடுத்தெழுதாது கருத்தைக் கொண்டு சொல் அமைத்தமை போற்றத்தக்கது.

தமிழில் மேனாட்டு மருத்துவத்தைச் சொல்லும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மாணாக்கருக்கு மருத்துவம் பயிற்றி, பின்னர் அப்பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். அவர் வழியாக 'இரண வைத்தியம்' 1867இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. இன்று அந்நூல்களின் நடை நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும், தமிழில் இயலாது என்று கூறி ஒதுங்கினோரைவிட, கரடுமுரடாகவேனும் செய்து காட்டியவரே நமக்கு ஆசிரியர்.

அழற்சி ஒரு தொழில் எனின், அத்தொழிலைச் செய்யும் எழுவாய் யாது? இவ்வினாவை விடுவிக்கவே மருத்துவ உலகுக்குப் பல நூற்றாண்டு சென்றது. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு என்பார் தம் மருத்துவ நூலில் அழற்சிக்கு நான்கு குறிகளைக் கூறினார். அவை செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என்பன. உறுப்புத் தன் தொழில் குன்றுதல் என்னும் ஐந்தாவது குறி பிற்காலத்திற் சேர்க்கப்பட்டது. அதனை 19ஆம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் யேர்மன் அறிஞராகிய விர்சோ. இங்கே ஒன்று கூறுதல் வேண்டும். செல்சசு கண்ட நோயாளர் வெண்ணிற மேனியர். நம்மவர் மேனியிற் செம்மை அத்துணைத் தெளிவாகத் தோன்றுவதில்லை. நிறம் மாறவில்லை என்று கண்டு அழற்சியில்லை எனத் துணிதல் தவறு. புறங்கையால் தொட்டு வெம்மையை அறிதலே நமக்கு ஏற்ற சோதனை.

இக்குறிகளை நோயென்றே நெடுங்காலம் எண்ணினர். இரத்தம் மிகுந்து கெட்டது எனக் கொண்டு அட்டை விட்டும் நரம்பு கீறியும் இரத்தத்தை வடித்தனர். இலண்டனில் வாழ்ந்த யோன் ஹன்ரர் என்னும் இரண வைத்தியரே மாற்றுக் கருத்தைத் தெளிவாக உரைத்தார். போர்க்களத்திற் குண்டடிபட்டோரை நேரிற் கண்டவர் அவர். அழற்சி தன்னளவில் நோயன்று, ஏதேனும் ஊறு நேர்ந்தவிடத்து உடல் தானே செய்யும் நற்செயல் என்பது அவர் கொள்கை. அவரது நூல் அவர் இறந்த மறுவருடமாகிய 1794இல் வெளிவந்தது. ஆகவே எழுவாய் உடலே. நோய்க் கிருமியன்று, முள்ளுமன்று.

ஹன்ரர் கருதியதைக் கண்ணாற் கண்டவர் இருவர். 1867ஆம் ஆண்டில் யூலியசு கோன்ஹைம் என்பார் தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து வைத்து மணிக்கணக்காக நோக்கினார். முதலிற் குருதிக் கலன்கள் விரிந்தன. ஓட்டம் தளர்ந்தது. வெண்குழியங்கள் கலனின் உட்சுவரை ஒட்டி உருண்டு நின்றன. பின்னர் சுவரினூடே சிறிது சிறிதாக நுழைந்து வெளியேறின. சீழ் எனப்படுவது எங்கிருந்து வருகின்றது என்னும் பழைய வழக்கு அன்று ஏறத்தாழத் தீர்ந்தது.

மற்றவர் உருசிய நாட்டு மெச்னிக்கோவ். 1882இல் அவர் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரிற் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் யாவரும் குரங்குகள் வித்தை காட்டும் சேர்க்கசுக்குச் சென்றுவிட, இவர் மட்டும் நுணுக்குக்காட்டியோடு தனித்திருந்தார். கண்ணாடி போல உள்ளுறுப்பெல்லாம் தெரியும் விண்மீன்மீனின் குடம்பியில் நடமாடும் குழியங்களைக் கண்டிருந்த அவருக்கு ஓரெண்ணம் பிறந்தது. தோட்டத்து ரோசாச் செடியின் முட்களைப் பறித்து அக்குடம்பியின் தோலின் கீழே செருகினார். இரவெல்லாம் அவருக்கு உறக்கமில்லை. விடியற்காலையில் நோக்கியபோது, நடமாடுங் குழியங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அவ்வுயிருக்குக் குருதிக் கலனுமில்லை, நரம்புத் தொகுதியும் நம்முடையது போன்றதன்று. அங்கும் இச்செயல் நிகழ்கின்றதாயின், அழற்சியின் உயிர்நிலை பகையை விழுங்கும் குழியமே என அவர் துணிந்தார். 1908இல் எர்லிக் என்பாரோடு நோபெற் பரிசு பெற்றார். சேர்க்கசுக்குப் போன வீட்டார் பெற்ற இன்பத்தை யாம் குறைகூறோம். ஆயினும் தனித்திருந்தவர் கண்டதே உலகுக்குப் பயன்பட்டது.

மாணாக்கர் ஊறின்றிச் செய்து பார்க்கத்தக்க சோதனையும் ஒன்றுண்டு. அடிமட்டத்தின் மழுங்கிய முனையால் முன்கையின் உட்புறத்திற் சற்று அழுத்தி ஒரு கோடு இழுக்குக. சிறிது நேரத்திற் கோடு சிவக்கும். பின் அதன் இருமருங்கும் செம்மை பரவும். சிலருக்குக் கோடு தடித்தெழும். தோமசு லூயிசு என்னும் பிரித்தானிய வைத்தியர் 1920களில் இம்மூன்றையும் ஆராய்ந்து, காயமுற்ற தோலிலிருந்து வெளிப்படும் ஒரு பொருளே இதற்குக் காரணம் எனக் காட்டினார். கிஸ்ரமீன் என்பது அத்தகைய பொருள்களுள் ஒன்று. பிற பொருள்கள் பின்னர் அறியப்பட்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கூறுமுன் மருந்தின் கதையைத் தொடங்குதல் நலம்.

1763ஆம் ஆண்டில் எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இலண்டன் அரச கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோ எனப்படும் மரத்தின் பட்டையை அவர் ஒருமுறை சுவைத்தபோது அதன் கைப்பு, அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு வழங்கிய விலையுயர்ந்த சிங்கோனாப் பட்டையின் கைப்பை நினைவூட்டியது. மேலும், ஈர நிலத்தில் விளையும் காய்ச்சலுக்கு மருந்தும் அவ்வீர நிலத்திலேயே இறைவன் வைத்திருப்பான் என்பது அவர் நம்பிக்கை. பட்டையை ரொட்டி சுடும் அடுப்பின் வெப்பத்தில் மூன்று மாதத்துக்கு மேலாக உலர்த்தி, பொடித்து, ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். பட்டையிலிருந்த சலிசின் என்னும் பொருளை 1828இல் மியூனிக் நகரத்து புக்னர் பிரித்தெடுத்தார். பத்தாண்டின் பின் பீரியா என்னும் இத்தாலியர் அதிலிருந்து சலிசிலிக் அமிலம் ஆக்கினார். 1876இல் டண்டி நகரத்து வைத்தியர் மக்கிளகன், மூட்டுக்கள் வீங்கிக் காய்ச்சலுறும் வாதக் காய்ச்சலுக்குச் சலிசினை வழங்கிய வரலாற்றை வெளியிட்டார். நோயாளருக்குக் கொடுக்குமுன் தாமே அதனை உட்கொண்டு சோதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இவரும், ஈரமான இடத்தில் மிகும் நோய்க்கு ஈரமான இடத்து மரமே மருந்தாகலாம் என்று ஸ்ரோனைப் போலவே எண்ணியவர். காரணங் கூறியது பிழை. கண்ட காரியம் பிழையன்று. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய இடங்கள் பல. தருக்கம் கற்பிப்போர் இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

சலிசிலிக் அமிலம் வயிற்றை அரித்தது, வாந்தியை விளைத்தது. 1897இல் பேயர் நிறுவனத்து பீலிக்சு ஹொவ்மன் அதனோடு அசெற்றைற் கூட்டத்தைச் சேர்த்துத் தூய பொருளாக ஆக்கினார். 1899இல் அதற்கு அஸ்பிரின் எனப் பெயரிட்டனர். 'அ' என்பது அசெற்றைலையும், 'ஸ்பிர்' என்பது அவ்வமிலத்தைத் தரும் வேறொரு செடியாகிய ஸ்பைரியாவையும் குறிக்கும். 'இன்' என்பது மருந்துப் பெயர்க்கு வழங்கும் விகுதி. ஆங்கும் பகுதி, விகுதி உளவென்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி. தந்தையாரின் மூட்டுவாதம் கண்டு மகன் ஆக்கிய மருந்து என்று ஒரு கதை வழங்குகின்றது. எனினும் இதனைத் தம் ஏவலாற் செய்தனர் என ஆர்தர் ஐகன்கிறூன் என்னும் மற்றோர் இரசாயன அறிஞர் 1949இல் எழுதினார். அவர் யூதர். 1944இல் நாசிகளின் தெரேசியன்ஸ்ராட் முகாமில் அடைக்கப்பட்டவர். தம் உரிமையை எழுதி வெளியிட்ட அம்மாதத்திலேயே இறந்தார். அவர் கூற்றுக்குச் சான்றுண்டு என்று 2000ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து ஆய்வாளரொருவர் வாதித்தார். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. வரலாற்றிலிருந்து ஒருவர் பெயரை நீக்குதல் எத்துணை எளிது, மீட்டெழுதுதல் எத்துணை அரிது என்பதற்கு இதுவொன்று போதும்.

வியப்பென்னவெனில், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கிய அஸ்பிரின் உடலில் யாது செய்கின்றது என்பதை 1971 வரை யாரும் அறியார். அவ்வாண்டில் இலண்டனில் யோன் வேன் என்பார் கினிப்பன்றியின் சுவாசப்பையைக் கொண்டு நடத்திய சோதனையில், புரோஸ்ரகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதை அஸ்பிரின் தடுக்கின்றது எனக் கண்டார். 1982இல் சுவீடனைச் சேர்ந்த இருவரோடு நோபெற் பரிசு பெற்றார். குழியத்தின் மென்சவ்விலிருக்கும் கொழுப்பமிலமொன்றை ஒரு நொதியம் பற்றிப் புரோஸ்ரகிளாண்டினாக மாற்றுகின்றது. அது குருதிக் கலனை விரிக்கும். ஆதலின் செம்மையும் வெம்மையும் உண்டாகும். நரம்பு முனைகளை நோவுக்கு எளிதில் இணங்கச் செய்யும். மூளையில் உடல்வெப்பத்தை ஆளும் இடத்தை உயர்த்திக் காய்ச்சல் விளைக்கும். செல்சசின் குறிகள் தனித்தனி நிகழ்வன அல்ல, ஒரே பொருளின் பல செயல்கள் என்பது இதனால் விளங்கும். அந்நொதியத்தை அடைத்துவிட்டால் அவை ஒருங்கே தணியும். இபுபுறோபென், டைக்குளோபெனக் முதலியனவும் இவ்வாறே தொழிற்படுவன. இபுபுறோபெனை நொற்றிங்ஹாம் நகரில் ஆக்கிய ஸ்ரூவேட் அடம்சு, சவரஞ்செய்த கினிப்பன்றியின் முதுகைப் புறவூதாக் கதிராற் சிவக்கச் செய்து, எம்மருந்து அச்செம்மையைக் குறைக்கின்றது என்று பல ஆண்டு பார்த்திருந்தார். 1969இல் அது பிரித்தானியாவில் வழங்கத் தொடங்கிற்று.

இனி யாம் வலியுறுத்த விரும்பும் பகுதி. அதே புரோஸ்ரகிளாண்டின் இரைப்பையின் உட்போர்வையைத் தன் அமிலத்தினின்றும் காக்கின்றது. சிறுநீரகத்துக்குக் குருதி குன்றாமற் பார்க்கின்றது. அதன் இனப் பொருளொன்று குருதிச் சிறுதட்டுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து குருதிப்பெருக்கை நிறுத்துகின்றது. மருந்துக்கு நன்மை செய்யும் இடமிது, தீமை செய்யும் இடமிது எனத் தெரியாது. எல்லா இடத்தும் அடைக்கும். முழங்கால் நோவுக்காகப் பலகாலம் மாத்திரை உண்போருக்கு இரைப்பையிற் புண் உண்டாதலும், முதியோருக்குச் சிறுநீரகம் தளர்தலும் இதனாலேயே. இதனைத் தவிர்க்க வேண்டி, அந்நொதியம் இருவகை என்று 1990களின் தொடக்கத்தில் அறிந்தபின், அழற்சிக்குரிய வகையை மட்டும் அடைக்கும் மருந்துகளை ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய றோபெகொக்சிப் 1999இற் சந்தைக்கு வந்தது. இரைப்பைக்கு நல்லதென்று கொண்டாடப்பட்ட அது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் மிகுவிப்பது தெளிவாக, 2004 செப்ரெம்பர் 30ஆந் தேதி உலகெங்கும் மீளப் பெறப்பட்டது.

இத்தகைய மருந்தை 'அழற்சி நீக்கி' என்று சிலர் எழுதுகின்றனர். எமக்கு அது உடன்பாடன்று. முள் தைத்த காலில் முள்ளை எடுப்பதே நீக்கம். மாத்திரை முள்ளை எடாது, எரிவைத் தாழ்த்தும். ஆதலின் 'அழற்சி தணிப்பி' என்பதே பொருளுக்கிணங்கிய பெயர். இப்பெயர் வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. நீங்கிற்று என நம்பியோன் வைத்தியரை நாடான்.

நம் ஊரில் மூட்டு வீங்கின் நொச்சியிலையை அவித்து ஒற்றடமிடுதல் வழக்கம். 2003இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் நொச்சியிலைச் சாறு எலிகளின் அழற்சியைத் தணிக்கக் காணப்பட்டது. இஃது உவகை தருஞ் செய்தியே. எலியிற் கண்டது மனிதரிற் காணப்படும்வரை அதற்கு மேல் உரிமை கோருதல் ஆகாது.

கோட்டிசோனின் வரலாறு வேறு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து பிலிப் ஹெஞ்ச், 1929இல் மூட்டுவாத நோயாளரொருவருக்கு மஞ்சட் காமாலை வந்தபோது மூட்டு நோவு மறைந்தமையைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று அழற்சியைத் தணிக்கின்றது என எண்ணி ஏறத்தாழ இருபதாண்டு தேடினார். 1948 செப்ரெம்பரில், படுக்கையினின்றும் எழவியலாதிருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு, கெண்டல் என்பார் அதிரீனற் சுரப்பியிலிருந்து பிரித்தறிந்த பொருளை ஊசி மூலம் ஏற்றினார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். ஒரு கிழமைக்குள் கடைவீதிக்குச் சென்று வந்தாள். 1950இல் நோபெற் பரிசும் வந்தது. அதனுடன் ஏமாற்றமும் வந்தது. தொடர்ந்து பெற்றோர்க்கு முகம் பருத்தது, எலும்பு நொய்ந்தது, தொற்றுநோய் எளிதிற் பற்றியது. மருந்தை நிறுத்த நோய் மீண்டது. திடீரென நிறுத்துதலோ உயிர்க்கே இடர். ஏனெனில் உடல் தான் சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும். இன்றும் இவ்வினத்து மருந்தை வைத்தியர் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துகின்றனர். வேறு வழியும் பின்னர் திறந்தது. பெல்ட்மன் என்பாரும், பஞ்சாபிற் பிறந்த இரவீந்தர் மைனி என்பாரும் 1992இல் இலண்டனில், மூட்டுவாதத்துக்கு வித்தாகும் ஒரு தூதுப் பொருளை மட்டும் தடுக்கும் பிறபொருளெதிரியைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். அதிலும் உறங்கிக் கிடக்கும் சயரோகம் விழித்தெழக்கூடும் என்பதால் முன்னர்ச் சோதனை செய்கின்றனர். அழற்சியை அடக்குந்தோறும் காவல் தளர்கின்றது என்னும் ஹன்ரரின் கருத்து எங்கும் நம்மைத் தொடர்கின்றது.

இதற்குத் தெளிவான கணக்கு 2020இற் கிடைத்தது. கோவிட் நோயாளர்க்கு டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பிரித்தானியாவிற் பேராய்வு நடத்தினர். செயற்கைச் சுவாசம் பெற்றோருள் மருந்தின்றி நூற்றுக்கு 41 பேர் இறக்க, மருந்து பெற்றோருள் 29 பேரே இறந்தனர். ஒட்சிசன் மட்டும் பெற்றோருக்கும் ஓரளவு நன்மை உண்டாயிற்று. ஒட்சிசன் வேண்டாதோருக்கோ நன்மை காணப்படவில்லை. ஒரே நோய், ஒரே மருந்து. நுரையீரல் தன் தீயாலேயே அழியும் வேளையில் உயிர் காத்தது, தீ இன்னும் காவல் செய்யும் வேளையிற் பயன்படவில்லை.

நமக்கு மிக அண்மையிலுள்ள செய்தியை இறுதியில் வைத்தோம். 2017இல் நம் நாட்டில் ஓராண்டிலேயே 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுற்றனர் எனப் பதிவாயிற்று. அந்நோயிற் குருதிச் சிறுதட்டுக்கள் குறைகின்றன. குருதியின் நீர்ப்பகுதி கலன்களினின்றும் கசிகின்றது. எஞ்சிய சிறுதட்டுக்களை ஒட்டவிடாது தடுத்து, இரைப்பையையும் புண்படுத்தும் மருந்தை அவ்வேளையிற் கொடுத்தால் உட்குருதிப்பெருக்கு நேரும். பாட்டியின் முழங்காலுக்காக வாங்கி அலுமாரியில் எஞ்சியிருக்கும் டைக்குளோபெனக் மாத்திரை, பேரனின் காய்ச்சலையும் உடல்நோவையும் விரைவில் தணிப்பது உண்மையே. அவ்வாறு தணிவதே அதனை மீண்டும் மீண்டும் கொடுக்கத் தூண்டுகின்றது. எம் வகுப்பிலே, தம் வீட்டில் இவ்வாறு கொடுத்ததுண்டா என்று கேட்டபோது உயர்ந்த கைகள் பல. ஆதலின் காய்ச்சல் கண்டால் அஸ்பிரின், இபுபுறோபென், டைக்குளோபெனக், மெபெனமிக் அமிலம் ஆகியவற்றைத் தொடாது பரசிற்றமோல் ஒன்றே கொடுத்தல் வேண்டும். அஃது அழற்சியைப் பெரிதும் தணிப்பதன்று, காய்ச்சலையும் நோவையுமே தணிப்பது. அதற்கும் எல்லையுண்டு. உடல்நிறையின் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்பதே ஒரு நாள் முழுமைக்கும் மேலெல்லை. மிகின் ஈரல் கெடும். மூன்றாம் நாளிலேனும் குருதிச் சோதனை செய்வித்தல் வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது எனப் பலர் எண்ணுவர். டெங்குவிற் கசிவு தொடங்குவது பெரும்பாலும் அவ்வேளையிலேயே. வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். மாரடைப்பின் பின் நாள்தோறும் சிறிதளவு அஸ்பிரின் உண்ணும் பழைய மாணவர் நம்மிற் பலர் உளர். அவர்கள் தமக்குக் காய்ச்சல் வந்தால் தாமாக அதனை நிறுத்தாமலும் தொடராமலும், முதல் நாளிலேயே வைத்தியரிடம் அதனை உண்பதாகச் சொல்லுதல் வேண்டும். அஸ்பிரின் தீண்டிய சிறுதட்டு மீளாது. புதியது பிறந்து அதன் இடத்தை நிரப்ப ஒரு கிழமைக்கு மேற் செல்லும்.